நிலாவரையில் போட்ட தேசிக்காய்

“யாழ்ப்பாணத்தில பாக்கிறதுக்கு என்னடி இருக்கு?”

கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாள் கேட்டாள். நான் விரல் மடித்துச் சொன்னேன். கோட்டை, நூலகம், நல்லூர், கசூரினா கடற்கரை, ஐஸ்கிரீம் கடை. ஒரு கை விரலோடு பட்டியல் முடிந்துவிட்டது. “உதெல்லாம் போன முறையே பாத்திட்டன்” என்று சொல்லிப் போனை நீட்டினாள். ஒரு நாள் சுற்றுலா. பத்துப் பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள், வழிகாட்டி உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு. குடாநாட்டின் வித்தியாசமான பாறை நிலங்களைப் பார்க்கலாமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாறையோ, யாழ்ப்பாணத்திலயோ? பாறை என்றால் எங்களுக்குச் சிகிரியா. இல்லையென்றால் திருகோணமலையில் கோணேசர் இருக்கிற சுவாமிமலை. பஸ் பிடித்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு எல்லவுக்குப் போய், மலை விளிம்பில் நின்று படம் எடுத்துப் போடுகிற ஆட்கள் நாங்கள். குடாநாடு தட்டை மாதிரிக் கிடக்கிறது. கீரிமலையில்கூட பேரில் மட்டும்தான் மலை இருக்கிறது. பனையை விட உயரமான நிலம் ஒன்று இங்கே இல்லை.

“எங்கட ஊரைப் பாக்க நாங்களே காசு குடுக்கிறதோ?” என்று கேட்டேன். ஆளுக்கு அவர்கள் கேட்ட காசு என்னுடைய ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு. மச்சாள்தான் கட்டினாள். அதனால்தான் போனேன்.

போகும்போது இருந்த கட்சியில் திரும்பி வரும்போது நான் இல்லை. இப்போது என் கட்சி இதுதான்: யாழ்ப்பாணத்தின் கல் நிலத்தை நாங்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த ஆட்கள், ஒரு வழிகாட்டியோடு, சின்னக் கூட்டமாகப் போய் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அழகான இடம் ஒன்றைத் தவறவிட்டோம் என்பதோடு விசயம் முடியாது. குடிக்கிற தண்ணியையும் தவறவிடுவோம்.

காலை ஏழு மணிக்கு வான் வெளிக்கிட்டது. நாங்கள் இரண்டு பேர், கொழும்பிலிருந்து வந்த சிங்களத் தம்பதி, ஜேர்மன்காரர் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய பேரனும். வழிகாட்டி எங்களைவிட நாலைந்து வயது மூத்த அண்ணா, பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர். முதல் நிறுத்தம் நிலாவரை.

நிலாவரைக்கு நான் ஏற்கெனவே போயிருக்கிறேன். ஏழாம் வகுப்பில், பள்ளிக்கூடத்து ரூரில். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கம்பி வேலியைச் சுற்றி நெரிபட்டுக்கொண்டு நின்றோம். ரீச்சர் “ஆழங் காண முடியாத கிணறு, இராமர் அம்பு விட்டு உண்டானது, எழுதுங்கோ” என்றா. எழுதினோம். பத்து நிமிசத்தில் பஸ் ஏறினோம். இன்று வரைக்கும் நிலாவரை என்றால் எனக்கு நினைவிலிருந்தது முன்னால் நின்ற பிள்ளையின் இரட்டைப் பின்னல்தான்.

இந்த முறை ஒரு மணித்தியாலம் நின்றோம். முதல் கால் மணித்தியாலம் அண்ணா கிணற்றைப் பற்றி ஒன்றுமே கதைக்கவில்லை. புத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணைக் கையில் அள்ளி எங்கள் ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் வைத்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துத் திருப்பிக் காட்டினார். கல்லின் உள்ளே ஒரு சிப்பி. நகத்தளவு. வரி வரியாக, நேற்றுக் கடற்கரையில் பொறுக்கியது போல.

“இது கடலுக்கடியில இருந்த நிலம்” என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறை. சிகிரியா, எல்ல எல்லாம் அந்த வகை. எங்களுடையது வேறு. புத்தளம் பக்கத்திலிருந்து வடமேற்குக் கரையோரமாக வந்து குடாநாடு முழுவதும் பரந்து கிடப்பது சுண்ணக்கல். மயோசின் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்த நெடுங்காலத்துக்குள், ஆழமில்லாத கடலின் அடியில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியது. மழைத்தண்ணி காற்றிலும் மண்ணிலும் இருக்கிற காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கும்போது இந்தக் கல் கரைகிறது. கரைந்து கரைந்து வெடிப்பு குழாயாகும், குழாய் குகையாகும். குகையின் கூரை ஒருநாள் இடிந்து விழுந்தால், அதுதான் நிலாவரை. அந்த நீலப்பச்சைத் தண்ணி நிற்கிற சதுரக் கிணறு, நிலத்துக்கடியில் இருக்கிற ஒரு பெரிய வீட்டின் திறந்த யன்னல்.

“அப்ப செம்மண்?” என்று ஆசிரியரின் பேரன் கேட்டான்.

“கல் கரைஞ்சு போக மிஞ்சினது. கேத்திலுக்க அடியில வெள்ளையாப் படியுதெல்லோ, அது கரைஞ்சு போன கல்லு திரும்பி வாறது.”

எங்கள் வீட்டுக் கேத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்மா மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டு அந்த வெள்ளைப் படையைச் சுரண்டி எடுப்பா. இவ்வளவு காலமும் நான் ஒரு பாறை நிலத்தைத் தேத்தண்ணியாகக் குடித்துக்கொண்டு பாறை பார்க்க எல்லவுக்குப் போயிருக்கிறேன்.

வழிகாட்டி ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. சிகிரியாவைப் பார்க்க ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை, அண்ணாந்தால் தெரியும். எங்கள் பாறை அண்ணாந்து பார்க்கிற பாறை இல்லை. குனிந்து பார்க்கவேண்டும், ஒருவர் சொல்லித்தரவேண்டும். ஒருமுறை சொல்லித்தந்தால் பிறகு மதிலில், கிணற்றுக் கட்டில், றோட்டோரத்துக் கல்லுக் குவியலில் எல்லாம் தெரியத் தொடங்கும்.

நிலாவரையில் இருந்தபோதுதான் தேசிக்காய்க் கதையும் வந்தது. பக்கத்தில் தோட்டம் செய்கிற ஐயா ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது பேர்தானே, அவருக்கும் கதைக்க இடமிருந்தது. “பிள்ளையள், இதுக்க ஒரு தேசிக்காயப் போட்டா அது கீரிமலையில போய் மிதக்கும், தெரியுமோ?” என்றார். எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அம்மம்மாமார் சொல்லியிருக்கிறார்கள். கொழும்புத் தம்பதிக்கு மச்சாள் மொழிபெயர்த்தாள்.

அண்ணா அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தள்ளவில்லை. “தேசிக்காய் போகுமோ எண்டது வேற கதை. ஆனா அந்தக் காலத்துச் சனம் ஒரு விசயத்தை விளங்கி வைச்சிருக்கு. நிலத்துக்குக் கீழ தண்ணி தனித்தனியா இல்லை. ஒரு இடத்தில விழுந்தது இன்னொரு இடத்தில எழும்பும்” என்றார். ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அவரே மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் சவர்த்தண்ணி என்ற கணக்கைச் சொன்னார். அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணா அதற்கு இலக்கம் சேர்த்தார். நல்ல தண்ணி பாரம் குறைந்தது, அதனால் உப்புத்தண்ணிக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி நிற்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லாத நிலத்தில் எங்களுக்கு இருக்கிற முழுச் சொத்தும் இந்த மிதக்கிற தண்ணிதான். இருக்கிற ஒரேயொரு வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுந்துவிடும்.

ஐம்பது பேர் வந்த பஸ்ஸாக இருந்தால் அந்த ஐயா சைக்கிளை நிறுத்தியிருக்கமாட்டார். சின்னக் கூட்டம் என்பது வசதிக்கான ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன், ஏசி வான், கை கழுவ இடம், அப்படி. உண்மையில் அது ஊர்ச்சனம் வந்து கதைக்கக்கூடிய அளவு. இதைக் கீரிமலையில் இன்னும் நன்றாக உணர்ந்தேன்.

கீரிமலைக்குப் போனபோது கேணியடியில் ஒரு குடும்பம் அந்தியேட்டிக் கிரியை செய்துகொண்டிருந்தது. அண்ணா எங்களைத் தூரத்தில் நிழலில் இருத்தினார். “அவை முடிக்கட்டும். நாங்கள் பாக்க வந்தது கல்லை, அவையின்ர துக்கத்தை இல்லை.” அரை மணித்தியாலம் சத்தமில்லாமல் இருந்தோம். அந்த நேரத்துக்குள் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், போனை உயர்த்தினார்கள், ஒருவர் அந்தக் குடும்பத்துக்குப் பின்னாலேயே நின்று சிரித்துப் படமெடுத்தார். பதினைந்து நிமிசத்தில் போய்விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எல்லவில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். ஒரு இடத்துக்கு எத்தனை பேர் ஒரே நேரத்தில் போகிறோம் என்பது, நாங்கள் அங்கே எப்படிப்பட்ட மனிசராக இருக்கிறோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

கிரியை முடிந்த பிறகு கேணியின் படியில் கால் வைத்தோம். ஒரு பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது. பத்து எட்டில் நல்ல தண்ணி ஊறிக்கொண்டிருக்கிறது. நகுல முனிவருக்குக் கீரிமுகம் மாறியதும், மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரைமுகம் மாறியதும் இந்தத் தண்ணியில் என்று ஐதீகம். வலிகாமத்துச் செம்மண்ணில் மாரியில் விழுந்த மழை, கல்லுக்குள்ளால் வழி தேடிக் கடலுக்கு வருகிற வாசல் இது. ஆறு இல்லாத ஊரின் ஆறு நிலத்துக்கடியில் ஓடி இங்கே வந்து முடிகிறது. நான் பிறந்ததிலிருந்து தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு முதல் தரம் மெய் சிலிர்த்தது.

இனி என் முறைப்பாடுகள்.

முதலாவது மொழி. நாள் முழுவதும் விளக்கம் ஆங்கிலத்தில். அண்ணாவின் பிழை அல்ல, காசு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறார்கள். ஆனால் செம்பாடு, சவர், கேணி, துலா, பொக்கணை என்று இந்த நிலத்துக்கு எங்களிடம் இருக்கிற சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஊரெழுப் பொக்கணைக்குப் போனபோது ‘பொக்கணை’ என்ற சொல்லை அவர் ஆங்கிலத்தில் நாலு வசனம் போட்டு விளக்கவேண்டியிருந்தது. பேரனுக்குத் தாத்தா ஒரே வசனத்தில் சொல்லிக்கொடுத்தார்: “நிலம் வாய் திறந்த இடம்.”

இரண்டாவது, எதைக் காட்டவில்லை என்பது. நிகழ்ச்சி நிரலில் அழகான துவாரங்கள் மட்டும் இருந்தன. மனிசர் தோண்டின துவாரங்கள் இல்லை. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இந்தக் கல்லை நம்பித்தான் வந்தது. 1990 இல் யுத்தத்தோடு நின்றது. எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட தொழிற்சாலை, அதை மறக்கக்கூடாது. அதற்காகத் தோண்டிய குழிகள் இன்னும் இருக்கின்றன. என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டவை, காணி விடுபட்டுத் திரும்பிப் போனபோது அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. வீடு இல்லை. கிணறு இருந்தது, கல்லும் பத்தையும் நிரம்பி. துப்பரவாக்கி இறைத்துப் பார்த்தோம். அம்மா ஒரு கை தண்ணி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினா. சவர். “இது நல்ல தண்ணிக் கிணறடி” என்று திரும்பத் திரும்பச் சொன்னா.

அண்ணாவிடம் கேட்டேன், அந்தக் குழியடியால் போகலாமோ என்று. மற்றவர்களிடம் கேட்டார், எல்லோரும் ஓம் என்றார்கள். சின்னக் கூட்டத்தின் இன்னொரு வசதி, வானைத் திருப்பலாம். தண்ணி நின்ற ஒரு பெரும் பள்ளத்தின் ஓரத்தில் பதினைந்து நிமிசம் நின்றோம். அறுத்த கேக் மாதிரிக் கல்லின் அடுக்குகள் தெரிந்தன. நிலாவரையில் சொன்னதெல்லாம் இங்கே படம் வரைந்து வைத்தது போல இருந்தது. நல்ல தண்ணியைத் தாங்கி வைத்திருக்கிற கல்லையே எடுத்துவிட்டால் தண்ணி எங்கே தங்கும் என்று ஜேர்மன்காரப் பெண் கேட்டா. அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் முக்கியமானது. அதுவும் நிகழ்ச்சி நிரலில் இல்லாத இடத்தில்தான் வந்தது.

“சனம் ஓய்வுக்கு வருகுது, பிரச்சினையைக் காட்டினா அடுத்த முறை வராது” என்பார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வானுக்குள் கதை அதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் சுன்னாகத்தைத் தாண்டும்போது வெளியே கையைக் காட்டினார். 2014, 2015 காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரிய பிரச்சினையாக வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. கல்லுக்குள்ளே குழாய் குழாயாக வழி இருக்கிற நிலத்தில் ஒரு வளவில் ஊற்றினது அந்த வளவுக்குள் நிற்காது. தேசிக்காய்க் கதை வெறும் கதையில்லை என்று அப்போதுதான் முழுக்க விளங்கியது.

எண்ணெய் என்றால் கறுப்பாகத் தெரியும், மணக்கும். தெரியாதது நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிழங்குக்கும் போடுகிற யூரியாவிலிருந்தும், எங்கள் மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த வரம்பு தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். மணல் என்றால் கொஞ்சம் வடிகட்டும். வெடிப்பு விழுந்த சுண்ணக்கல் வடிகட்டாது, அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் இது முதலில் ஆபத்து.

இதையெல்லாம் சுவரொட்டியில் எழுதி ஒட்டலாம். ஒட்டியும் இருக்கிறார்கள். நான் அவற்றைக் கடந்து சைக்கிளில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். நிலாவரையில் ஒரு மணித்தியாலம் நின்று, கீரிமலையில் கால் நனைத்து, குழியோரத்தில் கல்லின் அடுக்கைப் பார்த்த பிறகு அதே இலக்கங்கள் வேறு மாதிரிக் காதில் விழுகின்றன. நிலத்தைக் கண்ணால் கண்டவருக்குத்தான் நிலத்தடி நீர் என்பது சொல்லாக இல்லாமல் தண்ணியாகத் தெரியும்.

ஆகவே எங்கள் வயது ஆட்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. புவியியலும் சுற்றாடலும் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற எத்தனையோ பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்துப் பேர், தமிழில், பஸ்காசும் சாப்பாட்டுக் காசும் மட்டும். ஏஎல் பிள்ளைகளை முதலில் கூட்டிக்கொண்டு போகலாம். ஊருக்குள் போகுமுன் ஊராட்களிடம் கேட்டுவிட்டுப் போகலாம், இராமர் அம்பையும் சொல்லலாம், மயோசினையும் சொல்லலாம், இரண்டும் சண்டை பிடிக்காது. குழிகளையும் காட்டவேண்டும். ஒரு வேண்டுகோள், போன இடத்தையெல்லாம் உடனே ரீல்ஸ் போட்டு ஐம்பது பேர் பஸ்ஸை அங்கே வரவழைக்காதீர்கள்.

வெளிநாட்டவருக்கு நடத்துகிற சுற்றுலாக்களை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த அண்ணா அதில்தான் உழைக்கிறார். ஆனால் எங்கள் நிலத்தைப் பற்றி எங்களை விட ஜேர்மன்காரருக்குக் கூடத் தெரிந்திருப்பது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். அம்மா தேத்தண்ணி தந்து, “காசைக் குடுத்து என்னத்தைப் பாத்தனீங்கள்?” என்று கேட்டா. நான் ரேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வளவுக்குப் பின்னால் போனேன். மச்சாள் ஒரு நுனியைக் கிணற்றுக் கட்டில் பிடித்தாள். நான் மற்ற நுனியோடு மலசலகூடக் குழி வரைக்கும் நடந்தேன்.

28 அடி. அந்தப் பக்கத்து வளவுக் குழி இன்னும் கிட்ட.